அக்கா குழந்தையைப் புதைத்த இடத்தைத் தோண்டப் போறாங்க. தடுக்கலாமா, விடலாமா?

மாரண்டஹள்ளி தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மனசு சரியில்லாம ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து எழுதறேன். பிழை இருந்தா பொறுத்துக்கங்க. வெள்ளிக்கிழமை காலைக்குள்ள எனக்கு ஒரு வழி தெரியணும்.

ஊர் மாரண்டஹள்ளி பக்கம். நான் ஓசூர்ல கம்பெனி வேலை. அக்காவைச் சொந்தத்துலதான் குடுத்தோம், அத்தை பையனுக்கு. மூத்தது பொண்ணு, மூணு வயசு. ரெண்டாவதும் பொண்ணு, பிறந்து 76 நாள். போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு விடிகாலை அக்கா பால் குடுக்க எழுந்தப்ப குழந்தை சில்லுன்னு இருந்திருக்கு. உதட்டோரம் காஞ்ச பால், மூக்குல லேசா நுரை. மச்சான் துணியில சுத்தி வண்டியில பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினார். "உயிர் போய் ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும், புரை ஏறியிருக்கும், எடுத்துட்டுப் போங்க"ன்னு வாய்வார்த்தையா சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தரல.

கைக்குழந்தையை எரிக்கற வழக்கம் எங்க பக்கம் இல்ல. பத்து மணிக்கெல்லாம் ஓடைக்கரையில புங்கமரத்தடியில புதைச்சோம். நாய் நரி தோண்டாம இருக்க மேல கல்லை அடுக்கி கருவேல முள்ளு போட்டோம். அந்த முள்ளை வெட்டினது நான்தான். கையில கீறல் இன்னும் ஆறல.

மூணாம் நாள் பால் ஊத்தினதோட முடிஞ்சுதுன்னு இருந்தோம். ஒன்பதாம் நாள் எஸ்.ஐ.யும் ஏட்டும் வீட்டுக்கு வந்தாங்க. பேர் போடாம யாரோ மனு எழுதியிருக்காங்க. ரெண்டாவதும் பொண்ணுங்கறதால மாமியார்க்காரி கள்ளிப்பால் குடுத்துட்டான்னு. அந்த மாமியார் என் சொந்த அத்தை. எங்கம்மா போனப்புறம் எனக்குச் சோறு போட்டு வளர்த்தவங்க. மனு வந்த நாள்லேர்ந்து பச்சத்தண்ணிதான் குடிக்கறாங்க. வெள்ளிக்கிழமை தாசில்தாரும் டாக்டரும் வந்து தோண்டி எடுத்து போஸ்ட்மார்ட்டம் பண்ணப் போறதா சொல்லிட்டாங்க.

எங்க சம்மதம் இல்லாம தோண்ட சட்டத்துல இடம் இருக்கா? அன்னைக்கே புதைச்சது குற்றமா? குழந்தைக்குப் புதன்கிழமைதான் ரெண்டரை மாசத் தடுப்பூசி போட்டாங்க, அதனாலதான்னு பாதி ஊர் பேசுது. அதைப் போலீஸ்கிட்ட சொல்லலாமா, சொன்னா வேற வம்பு வருமா? அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா: "என் புள்ளைய மறுபடி ஏண்டா தொந்தரவு பண்றாங்க?" என்னால பதில் சொல்ல முடியல.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் அத்தையை ஒரு வாய் கஞ்சியாவது குடிக்க வையுங்கள். வெள்ளிக்கிழமை அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும், உடம்பில் தெம்பு வேண்டும்.

26 வருடம் வி.ஏ.ஓ.வாக இருந்தேன். பென்னாகரம் பக்கமும் பாலக்கோடு பக்கமும். புதைத்ததைத் தோண்டி எடுத்த நான்கு சம்பவங்களில் இடத்தை அடையாளம் காட்டியவன் நான். அதனால் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை.

கைக்குழந்தை திடீரென்று இறந்தால் கட்டாயம் பிரேதப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் தனிச்சட்டம் கிடையாது. பெரியவர்களுக்கு உள்ள அதே பிரிவுதான் குழந்தைக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்று சொல்வோமே, 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 194 ஆகிவிட்டது. தற்கொலை, கொலை, விபத்து, அல்லது இன்னொருவர் குற்றம் செய்திருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் தரும் சாவு என்றால் நிலைய அதிகாரி தாசில்தாருக்குத் தகவல் சொல்லிவிட்டு, உள்ளூரில் மதிப்பான இரண்டு பேராவது உடன் இருக்க உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். சாவுக்குக் காரணம் என்ன என்பதில் சந்தேகம் இருந்தால் உடலை அரசு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இங்கே குடும்பத்தின் சம்மதம் என்ற பேச்சே இல்லை. சம்மதம் கேட்பது ஆஸ்பத்திரியில் நோயைத் தெரிந்துகொள்வதற்காக டாக்டர்களே செய்யும் பரிசோதனைக்கு. போலீஸ் வழக்கில் இல்லை.

புதைத்த பிறகு என்றால் 196. பழைய 176. தாசில்தார் நிர்வாகத்துறை நடுவர் என்ற முறையில் தோண்டி எடுக்க உத்தரவிடலாம். இத்தனை நாளுக்குள் என்று காலக்கெடு இல்லை. ஆனால் அதே பிரிவில் உங்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது. முடிந்தவரை நெருங்கிய உறவினருக்கு முன்கூட்டியே தெரிவித்து விசாரணையின்போது அவர்களை இருக்க விட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதனால் மச்சானும் நீங்களும் போய் நில்லுங்கள். "நாங்கள் இருக்கிறோம்" என்று தாசில்தாரிடம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்.

அன்றே புதைத்தது குற்றமா என்றால், இல்லை. குழந்தை பிறந்ததையே மறைப்பதற்காக யாருக்கும் தெரியாமல் புதைத்தால்தான் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 94-ன் கீழ் குற்றம். உங்கள் குழந்தைக்குப் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்) இருக்கும், பிறப்புச் சான்று இருக்கும், தடுப்பூசி அட்டை இருக்கும். ஊரே வந்து மண் போட்டிருக்கிறது. இதில் மறைவு எங்கே? ஒரே ஒரு காரியம் பாக்கி இருக்கலாம். இறப்பைப் பதிந்தீர்களா? 21 நாளைக்குள் பதிந்துவிட வேண்டும். உங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடமே பதியலாம். இதுவரை இல்லையென்றால் நாளைக் காலையே போங்கள்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயிரில்லாமல் வந்த குழந்தையைக் காரணம் தெரியாத நிலையில் பதிவு செய்து போலீசுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். "புரை ஏறியிருக்கும்" என்று வாயால் சொல்லி அனுப்பியது உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கே முறையாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு உங்கள் அத்தை மேல் இந்தச் சொல் விழுந்திருக்காது.

நம் ஜில்லாவில் ஏன் இப்படி உடனே சந்தேகப்படுகிறார்கள் என்று வருத்தமாக இருக்கும். பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் வந்தது, 2001-ல் தருமபுரிக்கும் விரித்தார்கள். அப்போது கிருஷ்ணகிரி பிரியவில்லை, எல்லாம் ஒரே ஜில்லா. அந்தக் காலத்தில் பெண் குழந்தைக் கணக்கை எழுதியவன் நான். பிறப்புப் பதிவேட்டில் இருக்கும், அடுத்த மாதம் வீட்டில் இருக்காது. கேட்டால் "மாந்தம்", அதாவது செரிமானக் கோளாறில் போய்விட்டது, என்பார்கள். நான் எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். எத்தனையை அப்படி எழுதினேன் என்று இப்போதும் தூக்கம் வராத இரவுகள் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் கேள்வி கேட்கவில்லை. உங்கள் குழந்தைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தடுக்காதீர்கள்.

செம்மண்காடு எழுதியது:

அண்ணா சொல்றது சட்டம், சரி. ஆனா 76 நாள் குழந்தையை வெட்டிக் கூறு போட்டு எதைக் கண்டுபிடிக்கப் போறாங்க? உடனே ஒரு வக்கீலைப் பிடிச்சு ஹைகோர்ட்டுல தடை வாங்குங்க தம்பி. தலைச்சன் பிள்ளையா இருந்தா மந்திரவாதிங்க மண்டை ஓட்டுக்குத் தோண்டுவாங்கன்னு ராப்பகலா காவல் இருக்கற ஊரு நம்மது. சர்க்காரே தோண்டறதை எப்படிப் பாத்துட்டு நிக்கறது?

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் எழுதியது:

ஐயா, உங்கள் வேதனை புரிகிறது. தடை கேட்டுப் போனால் "மறைக்க ஏதோ இருக்கிறது" என்று அந்த மனுவுக்கு நாமே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகும். அது மட்டுமில்லை, நாள் போகப் போக மண்ணுக்குள் உடல் பேசுவதை நிறுத்திவிடும். காயம் இல்லை, விஷம் இல்லை என்று நிரூபிக்க உடல் ஒன்றுதான் அந்த அம்மாவுக்குச் சாட்சி.

ஊத்தங்கரை அம்மா எழுதியது:

தம்பி, நான் அதிகம் எழுதறவ இல்ல. உங்க அக்கா கேட்ட கேள்விதான் நானும் கேட்டேன். அதனால எழுதறேன்.

என் மவன் 19 வயசுல போனான். பாலிடெக்னிக் படிச்சான். சாயங்காலம் வாலிபால் ஆடிக்கிட்டு இருந்தவன் பந்தை எடுக்கக் குனிஞ்சான், எழுந்திருக்கவே இல்லையாம். ஆஸ்பத்திரியில மார்ச்சுவரிக்கு வெளிய பெஞ்சுல நான் உக்காந்திருந்தப்ப அவன் கால்ல ஒரு ஷூ மட்டும் இருந்துச்சு. இன்னொண்ணு கிரவுண்டுலயே கெடந்திருக்கு. அந்த ஒத்தக்கால் சாக்ஸுல மண்ணு ஒட்டியிருந்ததை நான் தட்டித் தட்டி விட்டுக்கிட்டே இருந்தேன். வயசுப் பையன், ஒரு நோவு இல்ல, காரணம் தெரியாம செத்தான்னு போலீஸு போஸ்ட்மார்ட்டம்னாங்க. நான் எஸ்.ஐ. கால்ல விழுந்தேன். "அறுக்காதீங்க சார், அவன் மொவத்தை அப்படியே குடுங்க"ன்னு. பொழுது சாஞ்சிட்டதால மறுநாள்னு சொல்லி ராத்திரி பூரா அங்கயே வச்சுட்டாங்க. வசதி இருக்கற ஆஸ்பத்திரியில ராத்திரியும் பண்ணலாம்னு 2021 நவம்பர்லயே மத்திய அரசு சொல்லிருச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. சந்தேக சாவுக்கு அது பொருந்தாதுன்னும் சொன்னாங்க. எனக்கு அந்த ராத்திரி மட்டுந்தான் தெரியும்.

காலையில துணி சுத்திக் குடுக்க ஒருத்தர் காசு கேட்டார். குடுத்தோம். அதை மன்னிக்க முடியல, ஆனா அது வேற கதை.

மொவத்துல ஒண்ணும் இல்ல தம்பி. நெஞ்சுலேர்ந்து தைச்சிருந்தாங்க, சட்டைக் காலருக்குள்ள மறைஞ்சிருச்சு. நான் பயந்த மாதிரி இல்ல.

டாக்டரம்மா என் வூட்டுக்காரரைக் கூப்பிட்டு, இருதயத்துல சதை அளவுக்கு மேல தடிச்சிருக்கு, இது வம்சத்துல வர்ற நோவு, கூடப் பொறந்தவங்க இருந்தா உடனே எக்கோ, அதான் இருதய ஸ்கேன், எடுங்கன்னாங்க. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தாலே புள்ளைங்களுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். என் பொண்ணு அப்ப பதினாலு வயசு, ஸ்கூல்ல கோகோ டீம்ல இருந்தா. எக்கோல அவளுக்கும் இருந்துச்சு. அவ அப்பாவுக்கும் லேசா. இன்னைக்கு ரெண்டு பேரும் மாத்திரை போடறாங்க, வருசா வருசம் ஸ்கேன். ஓட்டம், ஆட்டம் எல்லாம் நிறுத்தியாச்சு. அவ கோவிச்சுக்கிட்டா, அழுதா. இப்ப நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கறா.

அன்னைக்கு எஸ்.ஐ. என் பேச்சைக் கேட்டு உட்டிருந்தா நான் இன்னொண்ணையும் கிரவுண்டுலேர்ந்து தூக்கியாந்திருப்பேன். உங்க அக்காவுக்கு மூணு வயசுல ஒண்ணு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. சொந்தத்துல கட்டினதுன்னும் எழுதியிருக்கீங்க. அதைப் பாருங்க சாமி.

கிராம சுகாதார செவிலியர் எழுதியது:

நேரமில்லை, சுருக்கமாக. தடுப்பூசி போட்டதைக் கட்டாயம் சொல்லுங்கள், எந்த வம்பும் வராது. தடுப்பூசி போட்ட பிறகு குழந்தை இறந்தால் அதைத் தனியாக விசாரிக்க ஏற்பாடு இருக்கிறது, மாவட்டத் தடுப்பூசி அதிகாரிக்குப் போக வேண்டும். உங்கள் ஊர் செவிலியரிடம் இன்றே சொல்லுங்கள். அட்டையில் எந்தத் தேதி, என்ன ஊசி என்று இருக்கும், அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள். அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். ஆனால் ஊர் பேசுவதை அப்படியே நம்ப வேண்டாம். காரணமே தெரியாமல் தூக்கத்தில் குழந்தை இறப்பது அதிகம் நடப்பது இரண்டிலிருந்து நாலு மாதத்தில். ஊசி போடும் வயதும் அதேதான். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது ஊசிமேல் பழி விழும். எதனால் என்று பிரித்துச் சொல்லப் பிரேதப் பரிசோதனை வேண்டும்.

இன்னொன்று. எங்கள் துறையிலிருந்தும் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைக்கு அப்படிக் கேட்டு எழுதுவது வழக்கம், அது போலீஸ் விசாரணை இல்லை. குளிக்க வைத்து மூக்கில் எண்ணெய் விட்டீர்களா, ஊதினீர்களா, உரைமருந்து புகட்டினீர்களா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய் சளி கட்டிய குழந்தைகளை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பாட்டிமார் பாசத்தில் செய்வதுதான், கெட்ட எண்ணத்தில் இல்லை.

காவேரிப்பட்டினத்திலிருந்து லீட்ஸ் எழுதியது:

நான் காவேரிப்பட்டினம். ஒன்பது வருஷமா இங்கிலாந்தில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். இங்கே எப்படி நடக்குதுன்னு சொல்றேன், உங்க அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வரலாம்.

இங்கே காரணம் தெரியாம குழந்தை இறந்தால் கரோனர்னு ஒரு நீதி அதிகாரிக்குப் போகும். அவர் பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவு போடுவார், பெற்றோர் சம்மதம் தேவையில்லை. அது வரைக்கும் நம்ம ஊர் மாதிரிதான். வித்தியாசம், யார் மேலயும் சந்தேகம் வரணும்னு இங்கே காத்திருக்கறதில்லை. எல்லாக் குழந்தைக்கும் உண்டு, பணக்கார வீடு, ஏழை வீடு, ஆண், பெண் எதுவும் கிடையாது. அதனால "எங்களைத்தான் குறி வைக்கறாங்க"ன்னு பெற்றோருக்குத் தோணாது. பிரேதப் பரிசோதனையை, குழந்தைகளுக்குன்னே படிச்ச பெத்தாலஜிஸ்ட் (உடலையும் திசுவையும் ஆராயற டாக்டர்) பண்ணுவார். போலீசும் குழந்தை டாக்டர் அல்லது நர்சும் சேர்ந்து வீட்டுக்குப் போய் குழந்தை எங்கே படுத்திருந்தது, மல்லாந்தா குப்புறவா, போர்வை எங்கே இருந்ததுன்னு பார்ப்பாங்க. எடுத்த திசுவைத் திருப்பித் தரணுமா, வச்சுக்கலாமான்னு பெற்றோர்கிட்ட கேட்பாங்க. 18 வயசுக்குள்ள எந்தச் சாவா இருந்தாலும் 2008 ஏப்ரல்லேர்ந்து ஒரு குழு உக்காந்து ஆராயும்.

இந்த ஒழுங்கெல்லாம் சும்மா வரல. சாலி கிளார்க்னு ஒரு வக்கீலம்மா. 1996-ல் ஒரு ஆண் குழந்தை, 1998-ல் இன்னொண்ணு, ரெண்டும் சில வாரத்துலயே இறந்து போச்சு. அவங்கதான் கொன்னாங்கன்னு 1999-ல் ஆயுள் தண்டனை குடுத்தாங்க. ஒரே வீட்டுல ரெண்டு குழந்தை இயற்கையா சாகறதுக்கு வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்துல ஒண்ணுன்னு ஒரு பெரிய டாக்டர் கோர்ட்டுல சொன்னார். கணக்கே தப்பு. ஒரே வீட்டுல ஒரே ரத்தம் ஓடறதை அவர் கணக்குல சேர்க்கவே இல்லை. பிற்பாடு பார்த்தால், ரெண்டாவது குழந்தையோட பரிசோதனையில கிருமி இருந்த ரிசல்ட்டை அந்தப் பெத்தாலஜிஸ்ட் வெளிய சொல்லாமலே வச்சிருந்தார். 2003-ல் விடுதலை. 2007-ல் அந்தம்மாவே போயிட்டாங்க. அவங்க விடுதலை ஆனப்புறந்தான், 2004-ல், இதெல்லாம் எப்படிப் பண்ணணும்னு வழிமுறை எழுதினாங்க.

அதனால உங்க மச்சான் கேட்க வேண்டியது: நுரையீரல், இருதயம், மூளை எல்லாத்துலயும் திசு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்க்கறாங்களா? விஷத்துக்கு மட்டும் உள்ளுறுப்பு அனுப்பினால் "விஷம் இல்லை"ன்னு மட்டும்தான் பதில் வரும். எதனாலன்னு வராது. பணிவா கேளுங்க, டாக்டர் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தேடியும் எதுவும் கிடைக்காமப் போகலாம், அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கங்க. ஒண்ணும் கிடைக்கலைன்னு எழுதி வர்றதுகூட உங்க அத்தைக்கு ஒரு காகிதம்.

மாரண்டஹள்ளி தம்பி எழுதியது:

எல்லாருக்கும் கும்பிடறேன். நேத்து முடிஞ்சுது.

வியாழக்கிழமை வி.ஏ.ஓ.கிட்ட இறப்பைப் பதிஞ்சோம். ஊத்தங்கரை அம்மா எழுதினதை அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ ஒண்ணும் பேசல. மூத்தவளை மடியில இழுத்து வச்சுக்கிட்டா. ராத்திரி, "நானும் வர்றேன்"னா.

காலையில ஆறரைக்கெல்லாம் வந்துட்டாங்க. நாலு குச்சி நட்டு வேட்டி கட்டி மறைச்சாங்க. முள்ளை நானே எடுத்தேன். மேல் மண்ணு, கீழ் மண்ணுன்னு தனித்தனியா பாட்டில்ல எடுத்தாங்க. மச்சான்தான் அடையாளம் சொன்னார். மஞ்சத் துண்டும் கையில இருந்த வசம்பு வளையலும் பார்த்துச் சொன்னார், மொகத்தைப் பார்க்கல. டாக்டர் ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும். உள்ள போறதுக்கு முன்னாடி அக்காகிட்ட வந்து பக்கத்துல கல்லு மேலயே உக்காந்து கேட்டாங்க. எந்தப் பக்கம் படுக்க வச்சே, மெத்தையா பாயா, எத்தனை மணிக்குக் கடைசியாப் பால் குடுத்தே, காய்ச்சல் இருந்துச்சா. இலவம்பஞ்சு மெத்தை, குப்புறப் போட்டாத்தான் தூங்கும்னு அக்கா சொன்னதை எழுதிக்கிட்டாங்க. அட்டையைப் பார்த்து ஊசித் தேதியையும் எழுதினாங்க. யாரும் குரலை ஒசத்தல.

மைக்ரோஸ்கோப் விஷயத்தை மச்சான் திக்கித் திக்கிக் கேட்டார். "அனுப்பறேன், நிச்சயம் அனுப்பறேன்"னாங்க. காயம், நெரிச்ச தடயம் எதுவும் இல்லைன்னு வாயால சொன்னாங்க. மத்தது ரிப்போர்ட்டுலதான், மாசக்கணக்கு ஆகும்னாங்க. சொந்தத்துல கட்டினது தெரிஞ்சதும், மூத்தவளைத் தருமபுரிக்குக் கூட்டிட்டு வாங்க, ரத்தம் எடுத்துப் பார்க்கணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. இந்த ரெண்டு வாரத்துல எங்களுக்கு ஆஸ்பத்திரிக்காரங்க கையால எழுதிக் குடுத்த முதல் சீட்டு அதுதான்.

மறுபடி மூடறப்ப அந்த வசம்பு வளையலை டாக்டரம்மாவே கையில போட்டு வச்சுட்டுத்தான் நகர்ந்தாங்க. அத்தை ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னாங்க, கிட்ட வரல. எஸ்.ஐ. போகும்போது அவங்களைப் பார்த்து, "வீட்டுக்குப் போய் சாப்பிடும்மா"ன்னார். மத்தியானம் அரை உருண்டை களி சாப்பிட்டாங்க.

செவ்வாய்க்கிழமை மூத்தவளைக் கூட்டிக்கிட்டுப் போறோம். நான் லீவு சொல்லியிருக்கேன்.